ஓடாத கேமுக்கு ஒரு வரலாற்றுப் பாடம்



பொரளை, தெமட்டகொட, மருதானைப் பக்கத்து உறவுகளுக்கும் எங்கள் பிள்ளைகளின் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் கொம்பியூட்டர் இருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள். இதில் காசு விசயமும் இருக்கிறது, காசைவிடப் பெரிய விசயமும் இருக்கிறது.

போன மாதம் ஒரு நாள் மஃரிப் முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒரு த்ரீவீல் நிற்கிறது. சாதாரண தரம் படிக்கிற என் மாணவன் ஒருவன், கொம்பியூட்டர் பெட்டியைப் பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறான். பக்கத்தில் அவனுடைய உம்மா. உள்ளே வந்து உட்காருவதற்கு முன்பே கதை தொடங்கிவிட்டது.

ஒரு கிரிக்கெட் கேம் திறக்குதில்லை. திரை எழுத்தெல்லாம் பெரிதாகி மங்கிக் கிடக்கிறது. உம்மாவின் கட்சி: "கேம்தான் சேர் பிழை, வைரஸ் வந்திருக்கும், வித்துப்போட்டுப் படிக்கச் சொல்லுங்க." திருத்தப் போன கடையின் கட்சி: "விஜிஏ போயிட்டுது, புதுசு போடணும்." மகனின் கட்சி: "விண்டோஸ் அப்டேட்தான் கெடுத்துட்டுது." வாப்பா கட்டாரில். புதுக் கார்டுக்குக் காசு அனுப்ப அவர் தயாராக இருந்தார். அந்தக் காசு எப்படி வருகிறது என்பது எங்கள் வீடுகளுக்குத் தெரியாததல்ல.

நான் ஐசிடி ஆசிரியர் இல்லை. வரலாறு படிப்பிக்கிறவன். ஆனால் ஒரு பொருள் பழுதானால் "கடைசியாக எப்போது ஓடியது? அதற்குப் பிறகு என்ன மாறியது?" என்று கேட்பது வரலாற்று ஆசிரியனின் தொழில்தான். கொம்பியூட்டரில் கேம் ஓடாததற்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும் டிரைவர் என்ற சாமானுக்கு ஒரு வரலாறு உண்டு. அது தெரிந்தால், எங்கே பிழை தேட வேண்டும் என்பது பாதி தெரிந்த மாதிரி.

டிரைவர் என்றால் என்ன?

அன்று உம்மாவும் இதைத்தான் கேட்டார். நான் சொன்ன உதாரணம் இது. சிங்களம் மட்டும் தெரிந்த ஓர் உத்தியோகத்தர், தமிழ் மட்டும் தெரிந்த எங்கள் மூத்தம்மா. நடுவில் பேரப்பிள்ளை நின்று அங்கே இங்கே மாற்றிச் சொல்கிறது. உத்தியோகத்தரும் நல்லவர், மூத்தம்மாவும் சரியாகத்தான் சொல்கிறார். ஆனால் நடுவில் நிற்கும் பிள்ளைக்கு ஒரு சொல் விளங்காவிட்டால் வேலை நடக்காது. கேமுக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் நடுவில் நிற்கும் அந்தப் பிள்ளைதான் டிரைவர். அது ஒரு மென்பொருள். கழற்றிக் கையில் எடுக்க முடியாது. அதனால்தான் பழி எப்போதும் கண்ணுக்குத் தெரிகிற கார்டின் மேல் விழுகிறது.

1987: "விஜிஏ" என்ற பெயர்

எங்களூரில் கிராஃபிக்ஸ் கார்டுக்கு இன்றும் விஜிஏ என்றுதான் பெயர். அந்தப் பெயரே ஒரு பழங்காலச் சின்னம். 1987இல் ஐபிஎம் நிறுவனம் தன் பிஎஸ்/2 கொம்பியூட்டர்களோடு கொண்டுவந்த திரை முறைதான் விஜிஏ. 640க்கு 480 புள்ளிகள், 16 நிறங்கள். பிறகு வந்த கம்பனிகள் எல்லாம் அதைப் பின்பற்றியதால், எந்தக் கார்டும் குறைந்தபட்சம் இந்த ஒரு பாசையையாவது பேசும் என்ற நிலை வந்தது.

இன்றும் சரியான டிரைவர் இல்லாதபோது விண்டோஸ் இப்படியொரு பொதுப் பாசைக்குத்தான் இறங்கிப் போகிறது. டிவைஸ் மனேஜரில் உங்கள் கார்டின் பெயருக்குப் பதிலாக "மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடப்டர்" என்று இருந்தால் அதன் அர்த்தம்: படம் காட்டலாம், கேம் ஓட்ட முடியாது. கார்ட் செத்துவிட்டது என்பதல்ல அது. நடுவில் நிற்கும் பிள்ளை இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

நத்தார் 1994: சிங்கம் விழுந்த கதை

விண்டோஸ் 95க்கு முன்பு கேம் செய்கிறவர்கள் டொஸ் முறையையே விரும்பினார்கள். அதில் கேம் நேரடியாகக் கார்டோடு பேசும். ஒவ்வொரு கேமும் ஒவ்வொரு வகைக் கார்டுக்கும் தன் சொந்த ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். விண்டோஸில் அந்த வேகம் கிடைக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க மைக்ரோசொஃப்ட் 1994இல் வின்ஜீ என்ற ஒரு நூலகத்தை வெளியிட்டது.

அதை நம்பி டிஸ்னி தன் லயன் கிங் கேமை அந்த வருட நத்தாருக்கு விற்பனைக்கு விட்டது. அமெரிக்காவில் அதே பருவத்தில் கொம்பக் பிரிசாரியோ என்ற வீட்டுக் கொம்பியூட்டர்களும் ஏராளமாக விற்பனையாகின. அந்த மெசின்களின் வீடியோ டிரைவரோடு வின்ஜீ சரியாகச் சோதிக்கப்பட்டிருக்கவில்லை. நத்தார் காலையில் பிள்ளைகள் சீடியைப் போட்டார்கள். மெசின் விழுந்தது. டிஸ்னியின் தொலைபேசிகள் ஓயாமல் அடித்தன.

கேம் பிழையா? இல்லை. மெசின் பிழையா? அதுவும் இல்லை. ஒருவரை ஒருவர் முன்பே சந்தித்துப் பார்க்காத இரண்டு நல்ல பொருட்கள், அவ்வளவுதான். இந்த அவமானம், மைக்ரோசொஃப்ட் கேம்களுக்கென்று ஒரு பொது ஒழுங்கைச் செய்யத் தூண்டிய காரணங்களில் ஒன்று. அலெக்ஸ் சென் ஜோன், கிரேக் ஐஸ்லர், எரிக் எங்ஸ்ட்ரம் என்ற மூவர் முன்னின்று செய்த அந்த வேலைதான் 1995 செப்டெம்பரில் வெளிவந்த டைரக்ட்எக்ஸ். கேம் டைரக்ட்எக்ஸிடம் சொல்லும், டைரக்ட்எக்ஸ் டிரைவரிடம் சொல்லும், டிரைவர் கார்டிடம் சொல்லும்.

இதில் ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது. பழைய கேம் ஒன்றைத் திறக்கும்போது "டி3டிஎக்ஸ்9" என்று தொடங்கும் ஒரு டிஎல்எல் கோப்பு இல்லை என்று வந்தால், அது டிரைவர் பிழையே அல்ல. டைரக்ட்எக்ஸ் 9இன் பழைய துண்டுகள் இல்லாத பிழை. மைக்ரோசொஃப்ட் 2010 ஜூனில் வெளியிட்ட டைரக்ட்எக்ஸ் தொகுப்பைப் போட்டால் தீர்ந்துவிடும். அந்த ஒரு கோப்பை மட்டும் கண்ட கண்ட தளத்தில் இறக்கிப் போடாதீர்கள். உம்மா பயந்த வைரஸ் அந்த வழியால்தான் வரும்.

2000: கம்பனி போனால் கார்டும் போகும்

1996இல் 3டிஎஃப்எக்ஸ் என்ற கம்பனி வூடூ என்ற முப்பரிமாணக் கார்டைக் கொண்டுவந்தது. அந்தக் காலத்துக் கேம்களுக்கு அதுதான் ராஜா. கிளைட் என்று தனக்கென ஒரு பாசையை வைத்திருந்தது. பல கேம்கள் அந்தப் பாசையில் எழுதப்பட்டன. ஆனால் 2000 டிசெம்பரில் 3டிஎஃப்எக்ஸ் தன் சொத்துகளைப் போட்டிக் கம்பனியான என்விடியாவுக்கு விற்பதாக அறிவித்துவிட்டு மூடிக்கொண்டது. கார்டுகள் பழுதாகவில்லை. ஆனால் புது விண்டோஸ்களுக்கு டிரைவர் எழுத ஆளில்லை. பிறகு ரசிகர்களே இரவிரவாக உட்கார்ந்து டிரைவர் எழுதினார்கள்.

கார்ட் வாங்கும்போது நாம் இரும்பை மட்டும் வாங்குவதில்லை. "இதற்கு இத்தனை வருடம் டிரைவர் எழுதித் தருவோம்" என்ற வாக்கையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். அந்த வாக்கு பெட்டியில் அச்சடிக்கப்படுவதில்லை.

2002: பெயரில் மட்டும் நான்கு

2002இல் என்விடியா ஜீஃபோர்ஸ்4 என்ற பெயரில் கார்டுகளை வெளியிட்டது. அதில் எம்எக்ஸ் என்ற மலிவு வகை பெயரில் நான்காக இருந்தாலும் உள்ளே ஜீஃபோர்ஸ்2 தலைமுறைக்கு நெருக்கமானது. முந்திய ஜீஃபோர்ஸ்3இல் இருந்த பிக்சல் ஷேடர் வசதி, பிந்திய 4 எம்எக்ஸில் இல்லை. பிக்சல் ஷேடர் கேட்கிற கேம்கள் வந்தபோது மூன்று ஓடியது, நான்கு ஓடவில்லை. எத்தனை டிரைவர் மாற்றினாலும் பயனில்லை, ஏனென்றால் கேட்கப்பட்ட உறுப்பே உள்ளே இல்லை.

அதே காலத்தில் மதர்போர்டிலேயே வந்த கிராஃபிக்ஸ்களுக்கும் இந்தக் கதிதான். 3டி அனலைஸ், ஸ்விஃப்ட்ஷேடர் போன்ற மென்பொருட்களை வைத்துக் கேமை ஏமாற்றி ஓட்டிய பரம்பரை இதை வாசிக்கிறவர்களில் இருப்பீர்கள். கேம் திறக்கும், ஆனால் பந்து வீசி முடிய ஒரு நிமிசம் எடுக்கும். கார்ட் செய்ய வேண்டிய வேலையைப் புரொசசர் செய்தால் அப்படித்தான்.

2007: விஸ்டாவின் வருடம்

2007 ஜனவரி 30ஆம் திகதி விண்டோஸ் விஸ்டா பொதுமக்களுக்கு வெளிவந்தது. அதில் டிரைவர் எழுதும் முறையே மாற்றப்பட்டது. கம்பனிகள் புதிதாக எழுத வேண்டியிருந்தது. அவசரத்தில் எழுதியவை விழுந்தன. அதே வருடம் அமெரிக்காவில் மைக்ரோசொஃப்டுக்கு எதிராக ஒரு வழக்குப் போடப்பட்டது. விஸ்டா ஓடும் என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்ற பல கொம்பியூட்டர்களில் அதன் முக்கிய வசதிகள் ஓடவில்லை என்பதுதான் முறைப்பாடு. 2008இல் அந்த வழக்கின் ஆவணங்கள் வெளியே வந்தபோது ஒரு கணக்கும் வெளிவந்தது. அதில் பதிவாகியிருந்த விஸ்டா செயலிழப்புகளில் சுமார் 29 சதவீதம் என்விடியா டிரைவர்களால் வந்தவை. மைக்ரோசொஃப்டின் சொந்தப் பிழைகள் சுமார் 18 சதவீதம். அந்த வருடம் விஸ்டாவைத் திட்டியவர்கள் பலர் உண்மையில் திட்டியிருக்க வேண்டியது டிரைவரை.

விஸ்டா ஒரு நல்ல விசயத்தையும் விட்டுப்போனது. கார்ட் 2 வினாடிக்கு மேல் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் முழு மெசினையும் விழவிடாமல் டிரைவரை மட்டும் திரும்ப எழுப்பும். "டிஸ்பிளே டிரைவர் நின்றது, மீண்டது" என்று வரும் அறிவித்தல் அதுதான். அது எப்போதாவது ஒரு முறை வந்தால் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு கேமிலும் வந்தால் டிரைவரோடு சேர்த்து சூடு, தூசி, பவர் சப்ளை மூன்றையும் பாருங்கள்.

2018, 2021, 2025: வயதான கார்டுகள்

இனி எங்களுக்கு மிக நெருக்கமான பகுதி. 2010இல் வந்த என்விடியாவின் ஃபெர்மி தலைமுறைக் கார்டுகளுக்குப் புதுக் கேம் டிரைவர்கள் 2018 ஏப்ரலோடு நின்றன. அவற்றின் கடைசி டிரைவர் இலக்கம் 391.35. கெப்லர் தலைமுறைக்கு 2021இல் நின்றது. பரவலாகப் பாவிக்கப்படும் 1050 டீஐ போன்ற பாஸ்கல் கார்டுகளுக்கும் 2025 ஒக்டோபரோடு புதுக் கேம் டிரைவர்கள் முடிந்தன. இனி அவற்றுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். அதே ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கும் வழமையான ஆதரவு முடிந்தது.

வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு இது புதுக் கார்ட் வாங்க ஒரு சாட்டு. எங்களுக்கு அப்படி இல்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு வீட்டுக்கு வீடு சூம் வகுப்பு வந்தபோது பழைய மெசின்களைத் தேடித் தேடி வாங்கினோம். 2022இல் 200 ரூபா அளவில் இருந்த டொலர் 360ஐத் தாண்டியது, மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு. புதுக் கார்ட் என்பது கனவானது. அதற்குப் பிறகு எங்கள் பிள்ளைகளின் கைக்கு வந்தவை பெரும்பாலும் இரண்டாம் கை, மூன்றாம் கை. மற்றவன் கைவிட்ட கார்டுதான் எங்களிடம் வருகிறது. அதனால் கார்டின் வயதைக் கேட்டு வாங்குவது எங்களுக்குக் கடமையாகிவிட்டது.

மாணவனின் கார்ட்

இப்போது அந்த இரவுக்கு வருவோம். ஒரு தாளை எடுத்து நாலு திகதி எழுதச் சொன்னேன். கேம் வந்த வருடம். விண்டோஸின் பதிப்பு. டிரைவரின் திகதி. கார்ட் வந்த வருடம். இந்த நாலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இடத்தில்தான் பிழை இருக்கும்.

கார்ட் "ஜீடீஎக்ஸ் 1050 டீஐ, 4 ஜிபி". இணைய விளம்பரம் ஒன்றைப் பார்த்து, பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்கியது. 1050 டீஐ வந்தது 2016 ஒக்டோபரில். கேம், விண்டோஸ் இரண்டும் அதற்குச் சரி. போன கிழமை வரை, கார்டோடு வந்த சீடியில் இருந்த டிரைவரில், மெதுவாகவேனும் ஓடியிருக்கிறது. மகன் சொன்னது போல ஒரு அப்டேட் வந்து புது டிரைவர் ஏறியிருக்கிறது. டிவைஸ் மனேஜரில் மஞ்சள் முக்கோணம், கோட் 43. சாதனம் தானே பழுது சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது என்பது அதன் பொருள்.

சேஃப் மோடில் போய் டிடீயூ என்ற மென்பொருளால் பழைய டிரைவர்களைத் துடைத்தோம். கம்பனியின் சொந்தத் தளத்திலிருந்து 1050 டீஐக்கு உரிய டிரைவரை இறக்கிப் போட்டோம். திரும்பவும் கோட் 43. அப்போதுதான் கார்டின் பின்பக்கம் கண்ணில் பட்டது. நீல நிற விஜிஏ சொக்கெட். 1987இன் பழைய வழி! பாஸ்கல் தலைமுறையில் அந்த அனலொக் வெளியீட்டையே என்விடியா எடுத்துவிட்டது. 2016 என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஓர் ஆவணத்தில் அதற்கு முந்திய காலத்து முத்திரை. வரலாறு படித்தவனுக்கு இது போதும்.

ஜிபியு-இஸட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தோம். 2018இலிருந்து அது இந்த மாதிரிக் கார்டுகளைக் கண்டுபிடித்துப் பெயருக்கு முன்னால் போலி என்று ஆங்கிலத்தில் காட்டும். காட்டியது. உள்ளே இருந்த சிப் 2011இல் வந்த ஜீடீஎக்ஸ் 550 டீஐயினுடையது, ஃபெர்மி. உண்மையான 1050 டீஐயில் 768 கணிப்பு அலகுகள். இதில் 192. நாலு ஜிபி நினைவகமும் பெயரில் மட்டும்தான். யாரோ அதன் பயோஸை மாற்றி எழுதி, அதற்கேற்ப மாற்றிய டிரைவரையும் சீடியில் கொடுத்து விற்றிருக்கிறார்கள். உண்மையான டிரைவர் வந்து பேசியதும் கார்டுக்குப் பதில் தெரியவில்லை.

உம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு மகன் மெல்லிய குரலில் கேட்டான்: "சேர், பழைய சீடி டிரைவரைப் போட்டா ஓடும்தானே. அப்படியே போட்டு, 1050 எண்டே விளம்பரம் போட்டு வித்துருவமா? வாப்பாட காசு திரும்ப வரும்."

அவனை நான் ஏசவில்லை. அவனுக்கு வலித்தது வாப்பாவின் காசு. இந்தக் கார்ட் அவனிடம் வந்ததும் இப்படித்தானே, யாரோ ஒருவர் தன் நட்டத்தை அடுத்தவர் தலையில் கட்டியதால். அளவை நிறுவையில் மோசம் செய்வதைப் பற்றிப் பள்ளியில் எத்தனை குத்பா கேட்டிருக்கிறோம். தராசு என்றதும் எங்களுக்கு அரிசிக் கடை மட்டும்தான் ஞாபகம் வருகிறது. 192ஐ 768 என்று விற்பதும் அதே தராசுதான். இதைச் சொல்லிவிட்டு முடிவை அவனிடமே விட்டேன்.

அடுத்த ஞாயிறு என்னுடைய பழைய மாணவர் ஒருவர், இந்த வேலை தெரிந்தவர், அந்தக் கார்டுக்கு அதன் உண்மையான பயோஸை எழுதிக் கொடுத்தார். (தெரியாமல் வீட்டில் முயற்சிக்காதீர்கள், கார்ட் முழுதாகவே போய்விடும்.) 391.35 டிரைவரைப் போட்டோம். முக்கோணம் போய்விட்டது. டிவைஸ் மனேஜரில் முதல் தடவையாகக் கார்டின் சொந்தப் பெயர் வந்தது. அவன் கேட்ட கிரிக்கெட் கேம் ஓடவில்லை. 2006இல் வந்த கிரிக்கெட் 07 நன்றாக ஓடியது. கார்டின் மேல் அவனே மார்க்கரால் "550 டீஐ, 2011" என்று எழுதினான். வாப்பாவுக்கும் அன்றிரவே வட்ஸ்அப்பில் உண்மையைச் சொல்லிவிட்டான். வாப்பா புதுக் கார்டுக்கான காசை இப்போதைக்கு அனுப்பவில்லை. சாதாரண தரம் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறார்.

பெற்றோருக்கு

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போனாலும், விளம்பரம் பார்த்து வாங்கினாலும், பற்றுச்சீட்டில் கார்டின் முழுப் பெயரையும் எழுதி வாங்குங்கள். காசு கொடுக்கும் முன் ஜிபியு-இஸட் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையான வியாபாரி கோபிக்க மாட்டார். கடையில் மோசம் நடந்தால் பற்றுச்சீட்டோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

கேம் ஓடாவிட்டால் உடனே புதுக் கார்டுக்குப் போகாதீர்கள். முதலில் மொனிட்டர் வயர் மதர்போர்டில் குத்தப்பட்டிருக்கிறதா, கார்டில் குத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், எத்தனையோ வீடுகளில் அதுதான் பிழை. லெப்டொப்பில் இரண்டு கிராஃபிக்ஸ் இருந்தால் கேம் எதில் ஓடுகிறது என்று செட்டிங்கில் பாருங்கள். பிறகு டிவைஸ் மனேஜரில் பெயரைப் பாருங்கள். அப்டேட்டுக்குப் பிறகு வந்த பிழை என்றால் அதே இடத்தில் "ரோல் பேக்" கொடுத்து முந்திய டிரைவருக்குத் திரும்புங்கள். அதுவும் சரிவராவிட்டால் துடைத்துவிட்டு, கம்பனியின் தளத்திலிருந்து மட்டும் டிரைவர் எடுங்கள். "எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்" என்று வருகிற மென்பொருட்களை வீட்டுக்குள் எடுக்க வேண்டாம். கடைசியாக நாலு திகதியையும் தாளில் எழுதிப் பாருங்கள்.

கேம் விளையாடுவது நல்லதா கூடாதா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. அதை உங்கள் வீட்டில் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பிள்ளை "ஏன் ஓடுதில்ல" என்று கேட்கும்போது "போட்டு மூடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து "கடைசியாக எப்போ ஓடிச்சு?" என்று திருப்பிக் கேளுங்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு கார்ட் இருந்தால் கொமென்டில் எழுதுங்கள். விற்றவரின் பெயர் வேண்டாம், கார்டின் பெயரும் ஜிபியு-இஸட் காட்டியதும் போதும். இன்ஷா அல்லாஹ் ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு வீட்டில் இருப்பேன். பெட்ஷீட்டில் சுற்றிக் கொண்டுவரலாம். பவர் வயரை மறக்காமல் கொண்டு வாருங்கள்.

வஸ்ஸலாம்.